இரண்டாம் கட்டுக் கிணறு

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் என் பக்கம் சத்தமே இல்லாமல் போனது. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ‘அலோ, அலோ’ என்று கூப்பிட்டாய். லைன் கட்டாகவில்லை. உன் குரலை நான் நன்றாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டி ஆர்க்கெஸ்ட்ரா பயிற்சி நடத்தப் போகிறாய், நாகசுரம், கிடார், வீணை, பறை, கீபோர்டு எல்லாம் ஒரே மேடையில் உட்காரப் போகின்றன என்றாய். சந்தோஷப்பட்டேன். அப்புறம், தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் பக்கம் ஆற்றோரத்தில் ஒரு பழைய வீடு கிடைத்திருக்கிறது, மூன்று கட்டு வீடு, இப்போது விடுதியாக மாற்றியிருக்கிறார்கள், ‘அப்பா, அந்தக் கூடத்துல நின்னு கைதட்டினா எப்படி இருக்கு தெரியுமா’ என்றாய். வீட்டுக்காரர்களின் பழைய பட்டப்பெயரையும் சொன்னாய். அங்கேதான் என் வாய் அடைத்துப்போனது. உனக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. அந்தக் கூடத்தில் நான் கிளாரினெட் வாசித்திருக்கிறேன்.

போனில் சொல்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். நிதானமாகப் படி. படித்துவிட்டு அந்த வீட்டை வேண்டாம் என்று நீ சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம் இல்லை. எங்கே உட்கார்ந்து வாசிக்கப் போகிறாய் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உன் தாத்தா வீரையனைப் பற்றி ‘நான் சின்னப் பையனாக இருந்தபோது போய்ச் சேர்ந்துவிட்டார்’ என்று ஒரே வரியில் சொல்லியிருக்கிறேன். அவர் அந்த வீட்டுப் பண்ணையாள். என் அம்மா அஞ்சலையும் அந்த வீட்டு வயலில்தான் நட்டாள், அறுத்தாள். வீட்டுக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். முறைத்தண்ணீர் வரும் நாட்களில் அப்பாதான் மடை பார்ப்பார். தண்ணீர் மடைக்கு வந்து சேர்ந்ததும் கீழ்ப்பக்கத்து ஆட்களுக்குத் தெரிய வேண்டுமே, அதற்கு அவர் இரண்டு உள்ளங்கைகளையும் கிண்ணம் மாதிரி குவித்து, கட்டை விரல் இடுக்கில் வாய்வைத்து ஊதுவார். கூகை அலறுவதுபோல ஆழமாக ஒரு ஒலி வரும். முதலில் நீளமாக ஒன்று. கொஞ்சம் விட்டு, குட்டையாக ஒன்று. அந்தக் குட்டைக்கு அர்த்தம், ‘வந்துடுச்சு, திற’. ஊரில் வேறு பலரும் கையைக் குவித்து ஊதுவார்கள். ஆனால் அந்தக் கனம் வேறு யாருக்கும் வராது.

கட்சி மாறி புதிய ஆட்சி வந்து, சுவரெல்லாம் இரண்டு வண்ணம் பூசிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் தெருவில் அதற்கு முன்பே சிவப்புக் கொடி ஏறியிருந்தது. அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டு எங்கள் ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்தார்கள். பண்ணை வெளியூரிலிருந்து ஆள் இறக்கியது. வரப்பில் கைகலப்பு, ஒரு வைக்கோல்போர் எரிந்தது, போலீஸ் லாரி வந்தது. அந்தச் சமயத்தில் ஒருநாள் உச்சிவேளையில் பண்ணைக் காரியக்காரர் எங்கள் தெரு முனைக்கு வந்து, ‘அய்யா பேசி முடிச்சுக்கலாம்கிறாரு. வீரையனை மட்டும் வரச் சொன்னாரு’ என்றார். பண்ணையின் வரவு செலவு, ஆள் அம்பு எல்லாம் அந்தக் காரியக்காரர் கையில்தான். எப்போதும்போல வளைந்துபோன செம்புக் காப்பு மணிக்கட்டில் கிடக்க, அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். வாய்க்காலைத் தாண்டி, கொல்லைக் கதவு வழியாக உள்ளே போனதை நானும் பார்த்தேன். திரும்பி வரவில்லை. பணம் வாங்கிக்கொண்டு மறுபக்கம் வழியாகப் பஸ் ஏறிவிட்டான் என்றார் காரியக்காரர். வைக்கோல்போர் வழக்கில் தலைமறைவு என்று எழுதிக்கொண்டது போலீஸ். எங்கள் ஆட்களிலேயே சிலர் அதை நம்பினார்கள். அதுதான் அம்மாவுக்குக் கொடுமை. அவள் பொட்டை அழிக்கவில்லை. அழிக்கச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் குங்குமம் வைக்கும்போது அவள் விரல் நெற்றிக்கு முன்னால் ஒரு கணம் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் வளர்ந்தேன்.

நான் கிளாரினெட் கற்றது ஒரு கல்யாண பேண்டு செட்டில். மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் நடந்துகொண்டே ஊதுவோமே, அந்த செட். எனக்குப் பதினேழு வயது இருக்கும்போது, இளைஞர்களுக்குக் கோடைக்கால வாத்தியக் குழுப் பயிற்சி, எந்த வாத்தியமானாலும் வரலாம், சாப்பாடும் தங்குமிடமும் உண்டு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நடத்தியது ஒரு இசை அறக்கட்டளை. பண்ணை வீட்டில் பெரியவர் பக்கவாதத்தில் இறந்துபோய், மெட்ராஸில் படித்த அவர் மகன் திரும்பி வந்திருந்தார். எல்லாரும் அவரைச் சின்னப்பண்ணை என்பார்கள். நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து மிராசுதார்கள் நிலத்தைப் பள்ளிக்கூடம், கோயில், அறக்கட்டளை என்று எழுதி வைத்துக்கொண்டிருந்த நேரம் அது. இவர் சங்கீதத்துக்கு எழுதி வைத்தார். பயிற்சியும் அந்த வீட்டிலேயே நடந்தால்தான் அறக்கட்டளை நிஜம் என்று அதிகாரிகள் ஒப்புக்கொள்வார்கள் என்று கணக்கு. பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து வெள்ளையடித்தார்கள்.

போகலாமா என்று அம்மாவிடம் கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவள் களத்துமேட்டில் தூற்றிக்கொண்டிருந்தாள். முறத்தை இறக்கவில்லை.

“போ” என்றாள். “நம்மாளு யாரும் கொல்லையைத் தாண்டி அந்த வீட்டுக்குள்ள போனதில்ல. நீ வாசல் வழியா போ. எல்லாத்தையும் பாரு. யாருகிட்டயும் எதையும் கேக்காத.”

அப்படித்தான் போனேன், கையில் கிளாரினெட் பெட்டியோடு. வாசலில் சின்னப்பண்ணையே நின்றிருந்தார். “நீ வீரையன் மவன்தானே? வா, வா. உள்ள வா. காலம் மாறிப்போச்சு” என்று சிரித்தார். அப்பா பெயரை அவர் எவ்வளவு சுலபமாகச் சொன்னார் என்பதுதான் எனக்கு முதலில் உறைத்தது.

பயிற்சி கொடுக்க வந்தவர் தேவசகாயம் மாஸ்டர். மெட்ராஸில் சினிமா ஆர்க்கெஸ்ட்ராவில் பல வருஷம் வயலின் வாசித்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவர். எங்களை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாட்டை நீ புரிந்துகொள்வாய். நாகசுரக்காரனின் சுருதி ஒன்று, சர்ச் பாடகர் குழுவிலிருந்து வந்த செல்லோக்காரியின் சுருதி ஒன்று. வீணைக்காரப் பெண்ணுக்கு எதிரே நோட்டு வைத்தால் பயம். தவில்காரன் தங்கராசு அடித்தால் மற்ற யாரும் இருப்பதே தெரியாது. நான் ஊதினால் பிணத்துக்கும் கல்யாணத்துக்கும் ஒரே மாதிரி இருக்கிறது என்பார் மாஸ்டர். எனக்குப் பக்கத்து நாற்காலி சீனுவுக்கு. திருவையாற்றுப் பையன், கர்நாடக வயலின், குடுமி எடுத்துக் கிராப் வைத்து அதிக நாள் ஆகாதவன். முதல்நாள் சாப்பாட்டில் எனக்கும் இன்னொருவனுக்கும் கொல்லையில் இலை போட்டபோது, மாஸ்டர் தன் இலையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். சீனுவும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வந்தான். மறுநாள் முதல் எல்லாருக்கும் ஒரே பந்தி.

அந்த வீட்டின் அமைப்பை நீ பார்த்திருப்பாய். முதல் கட்டில் முற்றம், சுற்றிலும் கூடம். அங்கேதான் நாங்கள் வட்டமாக உட்கார்ந்தோம். நடையைத் தாண்டினால் இரண்டாம் கட்டு. அங்கே வீட்டுக்குள்ளேயே ஒரு கிணறு. அதை ஒற்றைக் கருங்கல் பலகையால் மூடிச் சுற்றிலும் சுண்ணாம்புச் சாந்து பூசியிருந்தார்கள். பலகை நடுவில் ஒரு துளை. ஒரு காலத்தில் கைப்பம்பு வைக்கப் போட்டதாம், பம்பு இல்லை. அத்தனை பேருக்கும் சமையலுக்குத் தண்ணீரைத் தெருக் குழாயிலிருந்து சுமந்துகொண்டு வந்தார்கள். ஏன் என்று சமையல்கார அம்மாளைச் சீனு கேட்டான். “அந்தத் தண்ணி ஆகாதாம். மூடி வருஷக்கணக்காச்சு” என்றாள். அந்தக் கட்டில் ஒரு பல்லிகூட இல்லை. முதல் கட்டில் தாழ்வாரமெல்லாம் குருவி கூடு கட்டியிருந்தது. இரண்டாம் கட்டு உத்தரத்தில் ஒரு குச்சிகூட இல்லை. தெருநாய் ஒன்று சோற்றுக்காக எங்கள் பின்னாலேயே அலையும். அந்த நடை வரைக்கும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மாஸ்டர் எங்களுக்காகவே ஒரு உருப்படி எழுதியிருந்தார். ஆற்றில் புதுத்தண்ணீர் வருவதைப் பற்றியது. மணலில் ஈரம் ஊறுவதுபோல வீணை மட்டும் ஆரம்பிக்கும், பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கடைசியில் எல்லா வாத்தியமும் சேர்ந்து கரை புரளும். அந்த உச்சத்தில் அனைவரும் சட்டென்று நிறுத்த வேண்டும். தாளம் ஒரு சுற்றுச் சுற்றி வரும் வரை, ஒரு முழு ஆவர்த்தனம் மௌனம். பிறகுதான் மீதி. “ஆரம்பிக்கிறதுல தப்பு பண்ணினா மன்னிச்சுடுவேன். நிறுத்துறதுல பண்ணினா மன்னிக்க மாட்டேன். ஒத்த கை வெட்டின மாதிரி நிக்கணும்” என்பார்.

அக்கினி வெயில் நாட்கள். காலையில் ஆரம்பித்தால் அந்த இடத்துக்கு வந்து சேர உச்சி ஆகிவிடும். வெளியே ஒரு காக்கை கத்தாது, முற்றத்தில் வெயில் கொதித்துக்கொண்டிருக்கும். முதல் தடவை நாங்கள் சரியாக நிறுத்தியபோது, எல்லா வாத்தியமும் அடங்கிய பிறகும் ஒன்று மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. ஆழமாக, நீளமாக.

“யாருப்பா அது, நிறுத்தின பிறகும் ஊதுறது?” மாஸ்டர் நேராக என்னைத்தான் பார்த்தார். “பேண்டு செட் பழக்கம் போகலையா?”

“நான் இல்லைங்க மாஸ்டர்.”

மறுபடி வாசித்தோம். மறுபடியும் அதே. அவர் வந்து என் கையிலிருந்து கிளாரினெட்டை வாங்கித் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டார். “நீ சும்மா உக்காரு.” மற்றவர்கள் வாசித்தார்கள். நிறுத்தினார்கள். அது வந்தது. நீளமாக ஒன்று. அடங்கியது. நாங்கள் மூச்சுவிடப் போகும் நேரத்தில், குட்டையாக ஒன்று.

தம்பி, எனக்கு அந்த வெயிலில் பல் கிட்டிக்கொண்டது. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சீனுதான் எழுந்து நடையைத் தாண்டிப் போனான். நாங்கள் பின்னாலேயே போனோம். அவன் அந்தக் கல்லில் குப்புறப் படுத்துத் துளையில் காதை வைத்தான். எழுந்தபோது காது மடல் ஈரமாக இருந்தது.

“இங்கேர்ந்துதான் வருது மாஸ்டர். உள்ள யாரோ மூச்சு விடுற மாதிரி இருக்கு.”

மாஸ்டர் தைரியமாகத்தான் சிரித்தார். “வெறும் பானை வாயில ஊதினா சத்தம் வருமில்ல? அதுதான்டா இது. நம்ம சத்தம் துளை வழியா உள்ள போயி கிணத்தை அதிர வைக்குது. விஞ்ஞானம்.”

சீனு விடவில்லை. “சரிங்க மாஸ்டர். நாம நிறுத்தினப்புறம் நீளமா வர்றதுக்கு அது சரி. அது அடங்கினப்புறம் ரெண்டாவதா குட்டையா வருதே, அது எதனால?”

அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பிற்காலத்தில் இயற்பியல் வாத்தியார் ஒருவரிடம்கூடக் கேட்டேன். நீளமானதற்குக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். குட்டையானதற்கு, ‘உங்களுக்குச் சரியா ஞாபகம் இருக்கா சார்?’ என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். அவள் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, “என்ன பாத்த?” என்றாள். “ஒண்ணும் பாக்கல. நாங்க வாசிக்கிறதை நிறுத்தினா ஒரு சத்தம் வருது, அவ்வளவுதான்” என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் சோற்றுச் சட்டியை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். “ஒண்ணு நீளமா, ஒண்ணு குட்டையாவா?”

“உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“உச்சிப் பொழுதுல அறுப்பு நிறுத்தி எல்லாரும் கஞ்சிக்கு உக்காருவோமில்ல, அப்ப கேக்கும். பக்கத்துல இருக்கவளைக் கேட்டா, ஒண்ணும் கேக்கலையேம்பா. எனக்குத்தான் மூளை கலங்கிப்போச்சுன்னு இத்தனை வருசமா இருந்தேன்.” மூடிய சட்டியை மறுபடி திறந்துகொண்டே சொன்னாள். “எனக்குக் கலங்கல. சாப்புடு.”

நான் திரும்பிப் போவதற்குள் செய்தி சின்னப்பண்ணைக்கு எட்டியிருந்தது. மறுநாள் ஒத்திகைக்கு வந்து தூணோரம் நின்றார், காரியக்காரரும் கூட. நாங்கள் நிறுத்தினோம். சத்தம் வந்தது. காரியக்காரர் மெல்ல நகர்ந்து தூணுக்குப் பின்னால் போனதை நான் பார்த்தேன். சின்னப்பண்ணை முகம் மாறாமல் மாஸ்டரிடம் சொன்னார். “பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த இடத்துல வெறுமையா விடாதீங்க. அதிகாரிங்க எல்லாம் வர்றாங்க, முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சுக் கைதட்டிடுவாங்க. தவிலைப் போட்டு நெரப்பிடுங்க.”

மாஸ்டர் முனகினார், “அந்த மௌனம்தாங்க அதுல…”

“நெரப்பிடுங்க” என்றார் மறுபடி. மாஸ்டருக்கு மூன்று பெண் பிள்ளைகள். அன்று சாயங்காலமே அந்த இடத்தில் தவிலுக்குச் சொல்கட்டு எழுதிக்கொடுத்தார். தங்கராசு அடித்தான். அதன்பின் ஒத்திகை எல்லாம் சுமுகமாக நடந்தது. ஆனால் தவில் ஓய்கிற சின்ன இடைவெளிகளில் நாங்கள் அனைவரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம் என்பது எங்களுக்குத் தெரியும். யாரும் பேசிக்கொள்ளவில்லை. செல்லோக்காரி மட்டும் ஒருநாள் என்னிடம் வந்து, “அது உங்களுக்கு வேண்டியவங்களா?” என்றாள். ஆமாம் என்றேன். கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டு போய்விட்டாள். அன்று மாலைக்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நிறைவு விழாவை, அறக்கட்டளையைப் பார்வையிட வரும் அதிகாரியின் வசதிக்காகக் காலையிலேயே வைத்திருந்தார்கள். அவர் தாமதமாக வந்தார், மாலை மரியாதை, பேச்சு என்று இழுத்து, நாங்கள் ஆரம்பிக்கும்போதே வெயில் முற்றத்தின் நடுவுக்கு வந்துவிட்டது. முன்வரிசையில் அதிகாரி, கரைவேட்டியும் துண்டுமாகக் கட்சிக்காரர்கள், சின்னப்பண்ணை. ஊர்க்காரர்கள் எல்லாரும் வரலாம் என்று மாஸ்டர் தமுக்குப் போடச் சொல்லியிருந்ததால் எங்கள் தெருவும் வந்து வாசலுக்கு வெளியே நின்றது. அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆரம்பிப்பதற்கு முன்னால் தங்கராசு என் பக்கம் குனிந்தான்.

“அந்த இடத்துல அடிக்கவா, வேணாமா?”

யோசித்துப் பார், தம்பி. அடித்தால் அவன் பிழைப்பு. அடிக்காவிட்டால் அவனை அந்தப் பக்கத்துக் கோயில்களில் எவனும் கூப்பிட மாட்டான். நான் எப்படிச் சொல்வேன்? அவன் என் முகத்தையே பார்த்துவிட்டு நிமிர்ந்துகொண்டான்.

வீணை ஆரம்பித்தது. ஈரம் ஊறியது. சீனு சேர்ந்தான், செல்லோ சேர்ந்தது, நாகசுரம் வந்தது. அன்று நாங்கள் வாசித்தபடி அதற்கு முன் வாசித்ததில்லை. உச்சம் வந்தது. மாஸ்டர் கை வெட்டியது. நின்றோம். தங்கராசு இடது கைக் குச்சியை ஓங்கியது ஓங்கியபடி வைத்திருந்தான். இறக்கவில்லை.

நீளமாக வந்தது. ஒத்திகையில் கேட்டதுபோல அடக்கமாக இல்லை. நடை வழியாக, கூடத்துத் தரை வழியாக, நாற்காலிக் கால் வழியாக ஏறி வந்தது. அதிகாரியின் கையிலிருந்த காபி டம்ளர் தட்டில் நடுங்கியது. அடங்கியது.

“தவில்! டேய், தவில அடிடா!” சின்னப்பண்ணை நாற்காலியிலிருந்து எழுந்து கத்தினார்.

அவர் கத்தி முடித்த அமைதியில், குட்டையாக ஒன்று.

வாசலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அவள் கத்தவில்லை. “அது எம் புருசன்” என்றாள்.

பிறகு நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். முன்வரிசைக்கும் எங்களுக்கும் நடுவில், யாரையும் பார்க்காமல் நடந்து, இரண்டாம் கட்டுக்குப் போய் அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டாள். அவள் பின்னால் எங்கள் தெரு முழுக்க உள்ளே வந்தது. அவ்வளவு பேர் வந்தும் காலடிச் சத்தம் தவிர ஒரு பேச்சு இல்லை. “என்னம்மா இது?” என்று அதிகாரி கேட்டார். “கல்லை எடுங்க. எடுக்கிற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்” என்றாள். கட்சிக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பத்திரிகைக்காரர் ஒருவரும் இருந்தார். அதிகாரியால் காரில் ஏற முடியவில்லை. போலீஸ் வந்து, கடப்பாரை போட்டுச் சாந்தை உடைத்துக் கல்லைப் புரட்டியபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. உள்ளே தண்ணீர் வற்றிச் சேறு காய்ந்து கிடந்தது. முதலில் மேலே வந்தது எலும்பு. அதோடு வளைந்துபோன ஒரு செம்புக் காப்பு. அம்மா அதை வாங்கி முந்தானையில் துடைத்து, வளைவை விரலால் தடவிப் பார்த்து, “இதுதான்” என்றாள்.

வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாய். காரியக்காரர் ஸ்டேஷனில் எல்லாவற்றையும் சொன்னார். பெரியவர் முன்னால் கட்டி வைத்து அடித்ததையும், மூச்சு நின்றுவிட்டது என்று நினைத்து உள்ளே போட்டதையும். ‘நினைத்து’ என்ற அந்த வார்த்தையை அம்மாவுக்கு நான் சொல்லவே இல்லை. கோர்ட்டில் அவர் மாற்றிப் பேசினார். விடுதலை. சின்னப்பண்ணை மெட்ராஸுக்கே போய்விட்டார். அறக்கட்டளை நிஜமில்லை என்று தீர்ப்பாகி, உபரி நிலத்தில் ஒரு துண்டு அம்மா பெயருக்குப் பட்டாவாகி வந்தது. அதில் விளைந்த நெல்லில்தான் நான் படித்து, பாட்டு வாத்தியார் வேலைக்குப் போனேன். தங்கராசுவை அந்தப் பக்கத்தில் யாரும் கூப்பிடவில்லைதான். பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புக் காவலுக்குப் போனான். கல்யாணச் சீசனில் அங்கேயே வாசித்தான். அவன் மகன்தான் உன் கல்யாணத்துக்குத் தவில் வாசித்தவர். நான் ஏன் அவர் கையை அப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று நீ கேட்டாயே, இதற்காகத்தான்.

இனி நீ செய்ய வேண்டியது. அந்த வீட்டுக்குப் போ. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போ. அந்தக் கிணறு இப்போது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மூடியிருந்தால் வலை போட்டுத் திறந்து வைக்கச் சொல். முதல்நாள் உச்சிவேளையில் எல்லாரையும் முழுசாக வாசிக்கவிட்டு, சட்டென்று நிறுத்து. ஒரு ஆவர்த்தனம் காத்திரு. ஒன்றும் கேட்காது என்றுதான் நம்புகிறேன். ஒருவேளை கேட்டால், அது உன் தாத்தா இல்லை. வேறு யாரோ. அப்போது தவிலைப் போட்டு நிரப்பாதே. யார் என்று விசாரி. உன் தாத்தா இல்லை என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அப்பாவை எங்கள் சுடுகாட்டில் அடக்கம் செய்தோம். பால் ஊற்றிவிட்டு வந்த அன்று, அம்மா நேரே தேவசகாயம் மாஸ்டர் தங்கியிருந்த இடத்துக்குப் போனாள். நெற்றி வெறுமையாக இருந்தது. பிள்ளைகள் ஊருக்குக் கிளம்புவதற்குள் ஒரே ஒரு தடவை வாசிக்க வேண்டும் என்று கேட்டாள். வீட்டில் போலீஸ் காவல் இருந்தது. காவல்காரர் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டாம் கட்டில், திறந்து கிடந்த கிணற்றைச் சுற்றி உட்கார்ந்தோம். நாற்காலி போதவில்லை, பாதிப் பேர் தரையில். நல்ல உச்சிவெயில். அம்மா கிணற்றுக் கட்டையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். வீணை ஆரம்பித்தது. எல்லாரும் சேர்ந்தோம். கரை புரண்டது. மாஸ்டர் கை வெட்டியது.

நின்றோம்.

ஒன்றும் இல்லை. யாரோ ஒருவரின் மூக்குறிஞ்சல். தெருவில் ஒரு சைக்கிள் மணி. அந்த ஆவர்த்தனம் முடிந்துவிட்டது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் மாஸ்டரின் கை மேலே எழவில்லை. அவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும். அவள் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கேட்டாள்.

பிறகு கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“போயிட்டாரு” என்றாள். “நீங்க மேல வாசிங்க.”

மாஸ்டர் கையைத் தூக்கினார். அந்த மௌனத்துக்கு அப்புறம் வரும் பகுதியைத் தவிலால் பாலம் போடாமல், நிஜமாகவே ஒரு மௌனத்திலிருந்து எழுப்பி, முடிவு வரை நாங்கள் வாசித்தது அன்று ஒரு தடவைதான். என் கிளாரினெட்டுக்கு அதில் நீளமாக ஒரு இடம் உண்டு. கண்ணிலிருந்து வழிந்தது வாய்க்குள் போய்ச் சுருதி கெட்டது. மாஸ்டர் நிறுத்தாமல் கையை வீசிக்கொண்டே இருந்தார். அம்மா கடைசிவரை நின்று கேட்டாள்.

அப்பா